செவ்வாய்க்கிழமை வந்த விருந்தாளி

1348ஆம் ஆண்டு, புனித மிக்கேல் திருநாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, நண்பகல் மணி அடித்து ஓய்ந்தபோது, கொள்ளைநோய் கோல்ட்மியர் ஊருக்குள் நடந்து வந்தது. மடத்துக் கணக்குச் சுருளில் திங்கட்கிழமை என்று எழுதினார்கள். அது பிழை. திங்களன்று கடலோரப் பாதையில் மழை பெய்தது, யாரும் வரவில்லை.

தனியாகத்தான் வந்தது. உயரமான, ஒல்லியான ஆள். தோளில் ஒரு கோணிப்பை. கழுத்தில் கோழிமுட்டை அளவில் ஒரு வீக்கம். கிழக்கே எங்கிருந்தோ புறப்பட்டு இரண்டு வருடமாக நடந்திருந்தான். வழியில் எந்த ஊரையும் தொடவில்லை. வயலின் தூரத்து ஓரத்துக்குப் போய், அங்கிருந்து அறுத்துக்கொண்டே வீடு நோக்கித் திரும்புவது அவன் வழக்கம். கோல்ட்மியரைத் தாண்டினால் பாறையும் கடலும்தான். அவனுக்கு அதுதான் ஓரம். வேலையைத் தொடங்குமுன் கொஞ்சம் தூங்க வேண்டியிருந்தது. அவன் கடந்துவந்த வேலிகளிலிருந்து குருவிகள் உதிர்ந்தன. ஊரின் முதல் வீடு ஹாவிஸ் என்ற விதவையின் வீடு. அவள் வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். குருவிகளையும் பார்த்தாள், கழுத்தையும் பார்த்தாள்.

"நான் யாருன்னு தெரியுதாம்மா?"

"தெரியுது. கால் சேத்தைத் துடைச்சிட்டு உள்ள வா."

ஹாவிஸுக்கு அப்போது இருபத்தாறு வயது. தவக்காலத்தில் அவள் கணவனை உழவுமாடு முட்டிக் கொன்றிருந்தது. டிக்கன், ஹாப் என்று இரண்டு பையன்கள், ஒரு வயதில் எம்மட் என்ற பெண். பதினைந்து ஏக்கர் நிலம். ஊரே மடத்துக்குச் சொந்தம், ஊரில் இருப்பவர்களும் மடத்துக்குச் சொந்தம். நிலம் வைத்திருக்கும் வீடு வாரத்தில் மூன்று நாள் ஓர் ஆண் ஆளைப் பண்ணை வேலைக்கு அனுப்ப வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு நிலம் இல்லை. மடத்து மணியக்காரர் ரேனல்ஃப் அவளுக்கு மிக்கேல் திருநாள்வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் அவர் காட்டும் ஆளைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளோடு வெளியேற வேண்டும். அவர் காட்டியது மாட்டுக்காரன் கோலினை. அவன் இரண்டு மனைவிகளைப் புதைத்தவன். இரண்டு பேரையும் குளிப்பாட்டிய பெண்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்நியன் ஒருவன் ஒரு வீட்டில் முதல் இரவு தங்கினால் வழிப்போக்கன். இரண்டாம் இரவு விருந்தாளி. மூன்றாம் இரவு அந்த வீட்டு ஆள். அவன் செய்யும் எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் பிணை. ஆகவே மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் கூடப்பிறந்த அண்ணனாக இருந்தாலும் கோல்ட்மியரில் வெளியே தள்ளிவிடுவார்கள். பனியில் தள்ளப்பட்டுச் செத்தவர்களும் உண்டு. யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை.

கொள்ளைநோய் செவ்வாய் இரவும் புதன் இரவும் அடுப்போரம் தூங்கியது. பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சோறு போடும் கூரைக்குக் கீழே அது வேலை செய்வதில்லை. வியாழன் காலையில் அவன் எழுந்து செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தபோது மணியக்காரர் வாசலில் நின்றார், கையில் சுருள். விடிவதற்கு முன்பே ஹாவிஸ் போய் அவரைக் கூட்டிவந்திருந்தாள்.

"எப்பப்பா வந்தே?" என்றார்.

"தெரியலைங்க. ரெண்டு வருஷமா நடக்கறேன். கிழமையெல்லாம் மறந்துபோச்சு."

"திங்கட்கிழமை," என்றாள் ஹாவிஸ். "மூணு ராத்திரி."

கோயிலிலிருந்து புனிதர் ஒருவரின் விரல் எலும்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதன் மேல் கைவைத்து அவள் சத்தியம் செய்தாள்.

"அப்ப நீ இந்த வீட்டு ஆளு," என்றார் மணியக்காரர். "இந்த வீடு மடத்துது. அதனால நீயும் மடத்துது."

"நான் கொள்ளைநோய்ங்க."

"எவனா இருந்தா எனக்கென்ன? திங்கள், புதன், வெள்ளி பண்ணை வேலை. சூரியன் வர்றதுக்கு முன்னாடி வந்து நிக்கணும். பேரு?"

அவனுக்கு ஒவ்வொரு தேசத்திலும் ஒரு பெயர் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னான். சுருளில் அவ்வளவு இடம் இல்லை. மணியக்காரர் ஹாமோ என்று எழுதினார். அது போன வாரம் செத்த அவருடைய நாயின் பெயர்.

அன்று மாலை ஹாமோ ஊர் எல்லை ஓடைக்குப் போனான். வலது கால் ஓடையைத் தாண்டியது. இடது கால் தாண்டவில்லை. பலமுறை முயன்றான். கரையில் பன்றி மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவயதில் அவர்கள் எல்லோரும் அதே இடத்தில் முயன்று பார்த்தவர்கள். "பழகிடும்டா," என்றான் ஒருவன். மறுநாள் ஹாமோ ஒரு கிழவனைத் தொட்டுப் பார்த்தான். கிழவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் ஒவ்வொருவரும் மடத்தின் உடைமை, மடத்தின் உடைமையைப் பண்ணையாள் சேதப்படுத்த முடியாது. அவனுடைய கோணிப்பையை மடம் எடுத்துக்கொண்டு தானியக் கிடங்கில் வைத்துப் பூட்டியது. அதற்குள்ளிருந்து சில சமயம் இருமல் கேட்டது. அந்தக் கிடங்கில் அதன்பின் எலி வரவில்லை. மடத்தார் மகிழ்ந்தார்கள்.

ஐரோப்பாவில் கொள்ளைநோய் வராமல் போனது இப்படித்தான். ஜெனோவாவிலோ பாரிசிலோ கொலோனிலோ யாருக்கும் இது தெரியாது. அங்கே பஞ்சத்திலும் பிரசவத்திலும் சண்டையிலும் வழக்கம்போல் செத்தார்கள். மற்றவர்கள் பிழைத்திருந்தார்கள்.

ஹாவிஸ் கோலினைக் கட்டிக்கொள்ளவில்லை. நிலம் அவளிடமே நின்றது. ஹாமோ நல்ல வேலைக்காரன். நீள அரிவாள் அவன் கையில் தானாக நடந்தது. மற்றவர்கள் ஒரு ஏக்கர் புல் அறுப்பதற்குள் அவன் மூன்று ஏக்கர் அறுத்தான், அடியோடு, ஒரு தண்டு மிச்சமில்லாமல். முதல் சில வருடம் மிக்கேல் திருநாள் தோறும் மணியக்காரர் முன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்டான். ஒருமுறை வேலைக்குத் தாமதமாக வந்ததற்காகக் கம்பத்தில் கட்டிப் பன்னிரண்டு சவுக்கடி கொடுத்தார்கள். சிறுவர்கள் அவன் கழுத்து வீக்கத்தைக் குறிபார்த்துச் சேற்று உருண்டை எறிந்தார்கள். அதன்பின் அவன் அனுமதி கேட்பதை விட்டான். முதுகு கூனியது. எல்லோரையும் போல் மடத்து முள்ளங்கியைத் திருடினான், எல்லோரையும் போல் மழையைத் திட்டினான். எம்மட் அவன் தோளில்தான் வளர்ந்தாள். அவனை மாமா என்று கூப்பிட்டாள். பெரிய நாயின் வாசனை வீசும் வாசலுக்குச் சின்ன நாய்கள் வராததுபோல, அவன் இருந்த வீட்டுக்கு வேறு எந்த நோயும் வரவில்லை. ஹாவிஸின் வீட்டில் குழந்தைகள் சாகவில்லை. மருமகள்கள் இரட்டையாகவே பெற்றார்கள்.

மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். தகப்பன் நிலம் பையன்களுக்குச் சமமாகப் பிரிந்தது, அவர்கள் நிலம் அவர்கள் பையன்களுக்கு. வயல்கள் பட்டைகளாயின, பட்டைகள் வாய்க்கால் அளவாயின. மடத்து வாசலில் முன்பு அறுவடைக்கு ஆள் கேட்டு மணி அடிப்பார்கள். இப்போது மணி அடிக்கத் தேவையில்லை, ஆட்கள் அங்கேயே குந்தியிருந்தார்கள். முன்பு ஒரு நாள் வேலைக்கு ரொட்டியும் மீனும் பார்லி மதுவும் தந்தார்கள். பிறகு ரொட்டி மட்டும். பிறகு கூழ். பிறகு கூழ்ப்பானையைக் கழுவிய தண்ணீர். அதற்கும் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். எதிர்த்துப் பேசியவனின் நிலத்தில் ஒரு பட்டையை மடம் ஆட்டு மேய்ச்சலுக்கு எடுத்துக்கொண்டது. பேசாதவனிடமிருந்தும் எடுத்துக்கொண்டது. இருபத்தைந்து வருடத்தில் ஹாவிஸின் பதினைந்து ஏக்கர், ஓடையை ஒட்டிய ஒரே பட்டையாகக் குறைந்தது. மூத்த ரேனல்ஃப் போய், அவர் மகன் இளைய ரேனல்ஃப் மணியக்காரர் ஆனார். தகப்பனைவிடப் படித்தவர், அதனால் கூடுதல் ஒழுங்கு.

வெளியிலிருந்து வந்த செய்திகளும் இதேபோல்தான் இருந்தன. லண்டனில் படிக்கட்டில் முறை வைத்துத் தூங்கினார்கள். பிரான்சில் அரசர்கள் சண்டைக்கு அனுப்பிய ஆட்கள் மாலைக்குள் தீர்ந்தார்கள், காலையில் அதே அளவு ஆட்கள் வந்து நின்றார்கள். காடுகளை வெட்டி உழுதார்கள். சதுப்பை உழுதார்கள். கல்லறைகளை உழுதார்கள். கோல்ட்மியரில் முதலில் கூரை வைக்கோலை மாடு தின்றது, பிறகு மாட்டை மனிதர்கள் தின்றார்கள், பிறகு மிஞ்சிய கூரையையும் மனிதர்களே தின்றார்கள்.

இந்தக் காலத்தில்தான் ஊரார் ஹாமோவை மரியாதையாக நடத்தத் தொடங்கினார்கள். ஆள் மாற்றி ஆள் அவனைத் தேடி வந்தார்கள். ஒரு முட்டை, ஒரு பிடி அவரை, பழைய காலுறை என்று ஏதாவது கொண்டுவந்தார்கள்.

"எங்க வீட்டுப் பக்கம் ஒருதரம் வந்துட்டுப் போயேன், ஹாமோண்ணே. எங்க அண்ணன் தனியாத்தான் படுத்திருக்கான்."

"மடத்துச் சொத்தைத் தொட முடியாதுப்பா."

"முழுசா வேணாம். சும்மா பக்கத்துல உக்காந்து ரெண்டு இருமு இருமு."

"அதுக்கும் அனுமதி வேணும்."

மடம் அனுமதி தரவில்லை. முறைப்படி பன்னிரண்டு குடியானவர்கள் ஒருமுறை மனு எழுதிக் கொடுத்தார்கள். ஹாமோவை விடுவிக்கவேண்டும், அல்லது ஒரு மாதத்துக்காவது அவிழ்த்துவிட வேண்டும் என்று. மடாதிபதி அதைப் படித்துக் கண்கலங்கினாராம். தன் மக்களுக்குத் தானே சாவை அனுப்பும் தகப்பன் உண்டா என்று பதில் எழுதினார். அந்தப் பதிலைக் கொண்டுவந்தது ஓர் ஆள் அல்ல, மூன்று பேர். குதிரையைவிட ஆட்கள் மலிவாக இருந்ததால் மடம் கடிதங்களை அப்படித்தான் அனுப்பியது, ஒருவன் விழுந்தால் அடுத்தவன் எடுத்துக்கொள்ள.

1378இல் இளைய ரேனல்ஃப் அளவை முறையைக் கொண்டுவந்தார். மிக்கேல் திருநாளுக்கு முந்தைய செவ்வாய் நண்பகலில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பட்டையில் நீளவாட்டில் வரிசையாகப் படுக்க வேண்டும், தோளோடு தோள் ஒட்டி. மணியக்காரர் கயிறு பிடிப்பார். பட்டைக்குள் அடங்குபவர்கள் அடுத்த மிக்கேல்வரை இருக்கலாம். பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு, அதாவது ஓடைக்கு அப்பால் போகலாம். முப்பது தலைமுறையாகத் தாண்ட முடியாத ஓடையை அவர்கள் சீட்டோடு சுலபமாகத் தாண்டினார்கள்.

அப்பால் பாதை இருந்தது, பாதையில் இடம் இல்லை. எல்லா ஊர்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். போனவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகுவரை நடந்து, அங்கே நின்றார்கள். கோல்ட்மியரிலிருந்து கடல்வரை போன அந்த வரிசை ஈஸ்டரிலிருந்து அசையவில்லை. முதல் வருட அளவையில் ஹாவிஸின் வீட்டில் இரண்டு பேர் வெளியே நீட்டினார்கள். ஹாப்பின் பிள்ளைகள், ஏழு வயது இரட்டையர். ஓரத்தில் படுத்திருந்ததுதான் காரணம். ஹாவிஸ் பதினொரு நாள் ஓடைக்கரையில் நின்று கூழ் வட்டிலை நீள்கழியில் கட்டி நீட்டினாள். கழி எட்டும் தூரத்தில்தான் அவர்கள் நின்றார்கள். பன்னிரண்டாம் நாள் அதே இடத்தில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர்களும் வாயைத் திறந்தார்கள். அவள் வட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறு வருடம் எம்மட் கருவுற்றாள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. ஜோர்டன் என்பவன் அவளைக் கட்டிக்கொள்ளப் பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்தான். நிலம் கிடைத்தால்தான் மணம், யாராவது செத்தால்தான் நிலம். குழந்தை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஆவணியில் வயிறு தெரிந்தது. மணியக்காரர் வழியில் அவளைப் பார்த்து நின்றார்.

"எம்மட், நீ இந்தத் தரம் மல்லாந்து படுக்க முடியாது போலிருக்கே. பக்கவாட்டுலதான் படுக்கணும்."

"ஆமாங்க."

"பக்கவாட்டுல படுத்தா வயித்துக்கும் இடம் வேணும். பார்த்துக்க."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். வீட்டில் நாற்பத்தொரு பேர். கடந்த முறையே விலாவும் விலாவும் பின்னிக்கொண்டுதான் படுத்தார்கள். யார் ஓரத்தில் படுப்பது என்று டிக்கனின் மனைவியும் ஹாப்பின் மனைவியும் ஆடி மாதத்திலிருந்தே பேசிவந்தார்கள். ஹாப்பின் மனைவி போன முறை தன் பங்கைக் கொடுத்தாயிற்று என்றாள். டிக்கனின் மனைவி, மணமாகாதவள்தானே ஓரம் என்றாள். எம்மட் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓக் மரத்துக் கொட்டைகளை இடித்தாள். ஹாவிஸ் யாரையும் அதட்டவில்லை. எழுந்து வெளியே போனாள்.

ஹாமோ ஓடைக்கரையில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தொரு வருடமாக அவர்கள் ஒரே பானையில் சாப்பிட்டவர்கள்.

"உன்னை விட்டா எங்க ஆரம்பிப்பே?"

"வழக்கம்போலதாம்மா. தூரத்து ஓரத்துலேர்ந்து."

"எது ஓரம்?"

ஹாமோ அரிவாளால் காட்டினான். ஓடை, அதை ஒட்டிய பட்டை, அதன் மேட்டில் கூரையில்லாத வீடு.

"இதுதான்."

"எம்மட்டை விட்டுட மாட்டியா? உன் தோள்ல வளந்தவ."

"ஆளைப் பாத்து அறுக்கத் தெரியாதும்மா. அரிவாள் போற வழிதான். எத்தனைன்னு வேணா பாத்துக்க முடியும், யாருன்னு முடியாது." கல்லில் எச்சில் துப்பி மீண்டும் தீட்டினான். "நீங்க ஏன் இப்பக் கேக்கறீங்க? என்னை யாரு விடப்போறாங்க."

அவள் ஓடைக்கு அப்பால் நின்ற வரிசையைப் பார்த்தாள். அங்கே யாரோ யார் தோளிலோ சாய்ந்து நின்றபடியே செத்திருந்தார்கள். விழ இடமில்லை.

"நீ செவ்வாய்க்கிழமைதான் வந்தே," என்றாள்.

ஹாமோவின் கை நின்றது. பிறகு மறுபடி தீட்டத் தொடங்கினான். அவன் கோபப்படவில்லை. சிரித்தான் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

1379ஆம் ஆண்டு, மிக்கேல் திருநாளுக்கு முந்தைய செவ்வாய், காலையில் கோயில் மண்டபத்தில் பண்ணைச் சபை கூடியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடும் சபைதான். ரேனல்ஃப் மேசையில், எழுத்தர் அவர் பக்கத்தில், பெஞ்சில் குடியானவர்கள் பன்னிரண்டு பேர். வழக்கு எதுவானாலும் நடந்தது இதுதான் என்று சொல்லும் உரிமை அந்தப் பன்னிரண்டு பேருக்கு. முள்ளங்கித் திருட்டு இரண்டு, வேலி உடைத்தது ஒன்று, கூழுக்காகத் தம்பியின் காதைக் கடித்தது ஒன்று. பிறகு ஹாவிஸ் எழுந்தாள். தான் பொய்ச் சத்தியம் செய்ததாகச் சொன்னாள். ஹாமோ தன் வீட்டில் இரண்டு இரவுதான் தங்கினான், அவன் வீட்டு ஆள் அல்ல, விருந்தாளி, ஆகவே மடத்துக்கு அவன் மேல் எந்த உரிமையும் கிடையாது என்றாள்.

"முப்பத்தொரு வருஷம் கழிச்சு ஞாபகம் வந்துச்சா?" என்றார் ரேனல்ஃப்.

"மறக்கவே இல்லைங்க."

"சுருள்ல திங்கள்னு இருக்கு. எங்கப்பா கையெழுத்து. அவர் தப்பா எழுத மாட்டார்."

"தப்பா எழுத மாட்டார்தான். அதே சுருள்ல அதுக்கு மேல ரெண்டு வரி படிக்கச் சொல்லுங்க."

எழுத்தர் சுருளை விரித்தார். ஆட்டுத்தோல் வாசனை வந்தது. அந்தத் திங்கட்கிழமை ஹாவிஸ் என்னும் விதவை மடத்துப் பழத்தோட்டத்தில் ஆப்பிள் பொறுக்கினாள். இரவு முழுவதும் சாறு பிழியும் கொட்டிலில் காவல் இருந்தாள். பிள்ளைகளும் உடன் இருந்தனர். விடியற்காலை ஓர் ஆப்பிளைத் தின்றாள், அதற்கு அபராதம். மூத்த ரேனல்ஃப் ஓர் ஆப்பிளையும் விட்டவரல்ல.

"வீடு பூட்டியிருந்துச்சுங்க," என்றாள் ஹாவிஸ். "பூட்டின வீட்டுல எவன் வந்து படுத்திருப்பான்?"

இளைய ரேனல்ஃப் சுருளைத் தானே வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு பன்னிரண்டு பேரையும் பார்த்தார். அவருக்கு நிலைமை புரிந்தது. மடத்தின் ஆடுகள் மேயும் இடமெல்லாம் ஒருகாலத்தில் அவர்களுடைய பட்டைகள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா," என்றார். "திங்களா, செவ்வாயா? அவன் அவிழ்ந்தா முதல்ல யார் வீட்டுக்கு வருவான்னு தெரியுமில்ல?"

பன்னிரண்டு பேரும் தெரியும் என்றார்கள். ஒவ்வொருவனும் தன் அண்ணனை நினைத்துக்கொண்டான், அண்ணன்கள் தம்பிகளை. தன்னை யாரும் நினைக்கவில்லை. வெளியே போய்க் கலந்து பேசுவது வழக்கம். அன்று யாரும் பெஞ்சைவிட்டு எழவில்லை.

"செவ்வாய்," என்றார்கள்.

"பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை என்னன்னு தெரியுமா, ஹாவிஸ்?"

"தெரியுங்க. நிலம் போகும், நாக்கு போகும். ஆனா தண்டனை அடுத்த சபையிலதான விதிக்கணும்? அது மூணு வாரம் கழிச்சு. அந்த நாற்காலில அப்ப யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துக்கலாங்க."

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எழுத்தர் சிறு கத்தியை எடுத்துத் திங்கள் என்ற சொல்லைத் தோலிலிருந்து சுரண்டினார். வெண்ணிறத் தூள் மேசையில் உதிர்ந்தது. கோயில் கதவோரம் நின்ற ஹாமோ மெல்ல நிமிர்ந்தான். முப்பத்தொரு வருடக் கூன் கடகடவென்று ஒலியெழுப்பி நேரானது. கூரை உத்தரத்திலிருந்து ஒரு குருவி விழுந்தது. எழுத்தர் அதைத் தள்ளிவிட்டுச் செவ்வாய் என்று எழுதினார். 1379ஆம் வருடச் சுருளில் இந்தத் தீர்ப்புக்குக் கீழே ஐந்து எழுத்தர்களின் கையெழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ஐந்தாவது கையெழுத்துக்கு எழுத்துப் பிழை அதிகம்.

சட்டப்படி கிடங்கைத் திறந்து கோணிப்பையைக் கொடுத்தார்கள். ஹாமோ ரசீதில் குறி போட்டான்.

அளவையை யாரும் ரத்து செய்யவில்லை. நண்பகல் மணி அடித்தபோது ஊர் முழுவதும் பட்டைகளில் படுத்தது. ஓடையோரப் பட்டையில் ஹாவிஸின் வீட்டார் நாற்பத்தொரு பேரும் வரிசையாகக் கிடந்தார்கள், மேல் ஓரத்தில் ஹாவிஸ், கீழ் ஓரத்தில் எம்மட். ரேனல்ஃப் கயிற்றோடு வந்து ஒருமுறை அளந்தார். மறுமுறை இழுத்துப் பிடித்து அளந்தார். எம்மட்டின் முதுகு பட்டைக்குள் இருந்தது, வயிறு அடுத்தவன் நிலத்தில் இருந்தது.

"நகந்து படுங்கப்பா, இன்னும் கொஞ்சம்," என்றாள் எம்மட்.

யாரும் நகரவில்லை. நகர இடமும் இல்லை. டிக்கனின் மனைவி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேனல்ஃப் இடுப்பிலிருந்து ஓர் அனுமதிச் சீட்டை உருவிப் பெயர் எழுத மையைத் தேடினார்.

ஹாமோ ஓடைக்கரை வழியாக வந்தான். தோளில் கோணிப்பை, கையில் அரிவாள். பட்டையின் ஓரத்தில் நின்று செருப்புச் சேற்றைப் புல்லில் துடைத்தான், இடது கால், பிறகு வலது கால். விடைபெறும் விருந்தாளி வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பதும் அந்த ஊர் வழக்கம். படுத்திருந்தவர்கள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்கள். "மாமா," என்றாள் எம்மட். அவன் வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை கண்ணால் அளந்தான். ஒரு வயலில் இறங்குமுன் எப்போதும் அப்படித்தான் பார்ப்பான். பிறகு ஹாவிஸின் தலைமாட்டில் மண்டியிட்டுக் குனிந்தான்.

"சொல்லுங்கம்மா, இந்தப் பட்டையில எத்தனை பேரு தாராளமாப் படுக்கலாம்?"